ரோரோஸில் கை நனைத்தது

குடுங்க தம்பி, தாராளமா எடுத்துக்கிடுறேன். ரயில்ல ஒருத்தர் குடுத்து ஒருத்தர் சாப்பிடுறதுக்கு எந்த வழக்கமும் குறுக்க நிக்காது. சீடையா? வீட்டுல செஞ்சதா? நல்லாத்தான் இருக்கு. உப்பு ஒரு சிட்டிகை தூக்கல், பரவாயில்ல. என்னடா இந்த ஆளு சீடையைக் கையில வச்சுக்கிட்டு வழக்கம் கிழக்கம்னு பேசுறான்னு பாக்கிறீக. காரணம் இருக்கு. இந்தா, இந்த வலது கை, இது தெரியாத்தனமா ஒரு கிண்ணத்துக்குள்ள போயி எங்க குடும்பத்துல ஒரு பெரிய காரியத்தை முடிச்சு வச்சுட்டு வந்திருக்கு. அதுக்குப் பதில் சொல்லத்தான் இப்ப ஊருக்குப் போய்க்கிட்டிருக்கேன்.

எம் பேரு காசிராஜன். விருதுநகர்ல மிளகாய் வத்தல், மல்லி கமிஷன் கடை. உங்க பக்கம் எப்படியோ தெரியல, எங்க பக்கம் சம்பந்தம் பேசப் போனா, பேசி முடிவாகிற வரைக்கும் அந்த வீட்டுல கை நனைக்க மாட்டோம். பலகாரத்தைக் கொண்டாந்து வைப்பாக, இலையைப் போடுவாக, கையைப் பிடிச்சு இழுப்பாக, அசையக் கூடாது. உட்கார்ந்து சாப்பிட்டுட்டா சம்மதம். சாப்பிடாம எந்திரிச்சு, ஊருக்குப் போய்க் கலந்துக்கிட்டுச் சொல்லி விடுறோம்னு கும்பிட்டு வந்துட்டா வேண்டாம்னு அர்த்தம். யாரும் யாரையும் மூஞ்சிக்கு நேரா வேண்டாம்னு சொல்ல வேண்டியதில்ல. எம்புட்டு மரியாதையான ஏற்பாடு பாருங்க. தண்ணி குடிக்கலாம். காபி விஷயத்துல மட்டும் எங்க ஊருலயே ரெண்டு கட்சி உண்டு. நான் குடிக்கக் கூடாதுங்கிற கட்சி.

எங்க அக்கா சொர்ணத்துக்கு ஒரே மக, சிவரஞ்சனி. ரஞ்சின்னு கூப்பிடுவோம். அவ கைப்பிள்ளையா இருக்கையிலேயே மச்சான் போயிட்டாக. அதுல இருந்து நான்தான் தூக்கி வளர்த்தேன். சைக்கிள் பழக்கிவிட்டது நான், அவ விழுந்து முட்டியைத் தேய்ச்சுக்கிட்டு வந்தப்ப அக்காகிட்ட திட்டு வாங்கினதும் நான். எனக்குன்னு பிள்ளைகுட்டி கிடையாது. எனக்கும் எம் பொண்டாட்டிக்கும் அவதான் எல்லாம். படிச்சா, படிச்சா, படிச்சுக்கிட்டே போயி நார்வேங்கிற நாட்டுல நின்னா. மூடிப்போட்ட சுரங்கத்துல இருந்து ஒழுகுற தண்ணியில என்னென்ன விஷம் கலந்திருக்குன்னு பார்க்கிற படிப்பாம். ஏந்தாயி, நம்ம பக்கத்துல இல்லாத கழிவுத் தண்ணியா, அதுக்கா அம்புட்டுத் தூரம் போனேன்னு கேட்டேன். சிரிச்சா. அந்தத் தண்ணியை அள்ளப் போன ஊருல ஒரு பையனைப் பார்த்துட்டா.

பையனுக்கு என்ன வேலைன்னு கேட்டேன். சுரங்கத்துலன்னா. சரி, தாமிரச் சுரங்கம், பெரிய உத்தியோகமா இருக்கும்னு நினைச்சேன். அப்புறம் துருவிக் கேட்டா, அந்தச் சுரங்கத்தை மூடி ரொம்பக் காலம் ஆச்சாம். மூடின சுரங்கத்துல மாப்பிள்ளைக்கு என்ன வேலை? வெளியூர்க்காரகளை உள்ள கூட்டிட்டுப் போயி, இங்கதான் வெட்டுனாக, இங்கதான் சுமந்தாகன்னு காட்டுற வேலை. நான் என் கடையைப் பூட்டிட்டு வாசல்ல நின்னுக்கிட்டு, இங்கதான் மூட்டை அடுக்கியிருந்துச்சுன்னு போறவன் வர்றவன்கிட்டச் சொன்னா எப்படி இருக்கும்? அந்த வேலைக்கு நீங்க பொண்ணு குடுப்பீகளா? சொல்லுங்க. பாத்தீகளா, யோசிக்கிறீக.

அக்கா ரஞ்சிகிட்ட நேரா வேண்டாம்னு சொல்லல. சொன்னா அவ அழுவா, அவ அழுதா இவளுக்கு மனசு இளகிரும். என்னைக் கூப்பிட்டு உட்கார வச்சா. "காசி, நீ போ. முறைப்படி வீட்டைப் பாரு. கை நனைக்காம எந்திரிச்சு வந்துரு. அவளுக்குப் புரிஞ்சிரும்"னா. ரஞ்சியும் லேசுப்பட்டவ இல்ல. அம்மா எதுக்கு மாமாவை மட்டும் அனுப்புறான்னு அவளுக்குத் தெரியாதா? போன்ல அவளும் ஒரு வார்த்தை சொல்லிட்டா. மாமா வந்து பார்க்கட்டும், மாமா கை நனைக்கலைன்னா நான் இந்தப் பேச்சை விட்டுட்டு ஊருக்கே வந்துடுறேன்னுட்டா. அக்காவுக்கு இதைவிட வேற என்ன வேணும். ஆத்தாளும் மகளும் ஆளுக்கொரு பக்கம் என் கையைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்துட்டாக.

எனக்கும் வேண்டாம்தான், ஒளிக்க என்ன இருக்கு. சாத்தூர்ல ஒரு பையனைப் பார்த்து வச்சிருந்தேன். பல் டாக்டர். நல்ல குடும்பம். விருதுநகர்ல பஸ் ஏறி ஒரு வெத்தலை போட்டு முடிக்கிறதுக்குள்ள சாத்தூர் வந்துரும். நினைச்சா போகலாம், நினைச்சா பிள்ளையைப் பார்க்கலாம். அதை விட்டுட்டு, சூரியனே சம்பளக்குறைப்புல இருக்கிற மாதிரி வந்து தலையைக் காட்டிட்டுப் போற ஊருல கொண்டுபோயி அவளை விடுறதா? நான் இரும்பு மனசோடதான் தம்பி விமானம் ஏறினேன்.

நான் போய்ச் சேர்ந்தேன், பெட்டி வந்து சேரல. பெட்டிக்குள்ளதான் எல்லாமே. புளிக்காய்ச்சல், முறுக்கு, பருப்புப்பொடி, இட்லிப்பொடி. அங்க இருக்கிற வரைக்கும் சொந்தச் சாப்பாட்டுல காலத்தை ஓட்டிரலாம்னு கணக்குப் போட்டு எம் பொண்டாட்டி கட்டிக் குடுத்தது. எந்த நாட்டுல எவன் தின்னானோ. மாத்துத் துணிகூட இல்ல. ரஞ்சி இருக்கிறது த்ரோன்ஹைம்னு ஒரு பெரிய ஊரு. அவ ரூம்ல அன்னைக்கு ரொட்டியும் வாழைப்பழமும் தின்னுட்டுப் படுத்தேன். மறுநாள் காலையில ஒண்ணும் இறங்கல. அப்படியே ரயில் ஏறி அந்த மலையூருக்குப் போனோம். பார்த்துட்டு அன்னைக்கே திரும்பிர்றதுன்னு பேச்சு.

ஊருக்கு ரோரோஸ்னு பேரு. மரமே நெட்டையா வளர யோசிக்கிற உசரம். முந்நூறு வருஷத்துக்கு மேல தாமிரம் உருக்கின ஊராம். பூராவும் மரவீடு, கருப்பும் செவப்புமா, தெரு சரிவா ஏறுது. கூரையில பனி சரிஞ்ச இடத்துல பார்த்தா புல்லு முளைச்சிருக்கு. நம்ம ஊருல கூரையில புல்லு முளைச்சா வீட்டுக்காரன் சோம்பேறின்னு அர்த்தம், அங்க வேணும்னே வளர்க்கிறாக. ஊர்க் கோடியில கருகருன்னு மேடு மேடாக் கிடக்கு. தாமிரத்தை எடுத்துட்டு மிச்சத்தைக் கொட்டின கசடு. ஐ.நா.காரக வந்து இந்த ஊரு உலகத்துக்கே சொத்துன்னு எழுதிட்டுப் போயிருக்காகளாம், அந்தக் குப்பைமேட்டையும் சேர்த்து. எங்க ஊரு மில்லுக்குப் பின்னாடி இருக்கிற மேட்டை எவன் வந்து எழுதப் போறான்?

பையன் ஸ்டேஷனுக்கே வந்திருந்தான். பேரு ஐவின். வாசல் நிலை இடிக்கிற உசரம். என்னைப் பார்த்ததும் கையைக் கூப்பி வணக்கம் மாமான்னான். ரஞ்சி சொல்லிக் குடுத்திருப்பா. நான் பதிலுக்குத் தலையை மட்டும் ஆட்டினேன். நான் நடுங்குறதைப் பார்த்துட்டு அவன் போட்டிருந்த கோட்டைக் கழத்தி எனக்குப் போட்டுவிட்டான். போட்டுக்கிட்டேன். வழக்கத்துல சோத்தைப் பத்தித்தான் இருக்கே தவிர கோட்டைப் பத்தி ஒண்ணும் சொல்லல.

வீட்டுல அவுக அம்மா மட்டும்தான். மாரித்னு பேரு, எனக்கு வாயில மாரியம்மான்னுதான் வந்துச்சு, அதுக்கே திரும்பிப் பார்த்தாக. அப்பாக்காரரு லாரி ஓட்டுறவரு, வடக்க எங்கயோ மாட்டிக்கிட்டாராம். உள்ள நுழைஞ்சதுமே வாசம். வெண்ணெய் போட்டு ஏதோ தோசை மாதிரி கட்டம் கட்டமா வார்த்து அடுக்கி வச்சிருக்காக. பக்கத்துல ஜாம், காபி. எம் மூக்கு போன வேகத்துக்கு நான்தான் அதைப் பிடிச்சு இழுத்து நிப்பாட்டினேன். தட்டை நீட்டினாக. கும்பிட்டேன். காபியை நீட்டினாக. கும்பிட்டேன். தண்ணி மட்டும்னேன். அந்தம்மாவுக்கு ஒண்ணும் புரியல. நம்ம ஊரா இருந்தா இந்நேரம் புரிஞ்சு, பொம்பளைக உள்ள போய்க் குசுகுசுன்னு பேசி, மூஞ்சி வாடியிருக்கும். இவுகளுக்கு வழக்கமே தெரியலையே, எப்படி வாடும்? சிரிச்சுக்கிட்டே இன்னொரு தட்டை நீட்டுறாக. நான் வேண்டாம்னு சொன்னது அந்த வீட்டுல ஒரே ஒருத்திக்குத்தான் கேட்டுச்சு. ரஞ்சி தன் தட்டுல இருந்ததைப் பிட்டுப் பிட்டு வச்சாளே தவிர வாயில போடல.

அப்புறம் சுரங்கம். பையன் அன்னைக்கு வேலையில இருந்தான், எங்களையும் மத்த ஆளுகளோட சேர்த்துக் கூட்டிட்டுப் போனான். தலைக்கு ஒரு தொப்பி. உள்ள வெயில் காலத்துலயும் ஐஸ்பெட்டிக் குளிர்தானாம். இங்கிலீஷ்ல சொல்லிக்கிட்டே போறான். நானும் மண்டி இங்கிலீஷ் வச்சுப் புரிஞ்சுக்கிட்டேன். பாறையை நெருப்பு மூட்டிச் சூடாக்கி, வெடிக்க வச்சுத்தான் உடைப்பாகளாம். நல்லாத்தான் சொன்னான், இல்லைங்கல. வத்தலைக் கையில அள்ளிக் குலுக்கினா நல்ல சரக்கு கலகலன்னு பேசும். அப்படிப் பேசினான். ஆனா சரக்கு நல்லா இருக்கிறது வேற, நமக்கு வேணுங்கிறது வேற.

ஒரு பெரிய குகை மாதிரி இடத்துல நிப்பாட்டி, அந்தக் காலத்துல விளக்கு அணைஞ்சா எப்படி இருந்திருக்கும்னு பாருங்கன்னு சொல்லி அம்புட்டு லைட்டையும் அணைச்சுட்டான். தம்பி, இருட்டுன்னா நான் பார்த்திருக்கேன். கரெண்டு போற ஊருதானே நம்மது. ஆனா அது இருட்டே இல்ல. கண்ணைத் திறந்திருக்கேனா மூடியிருக்கேனான்னே தெரியல. பக்கத்துல ரஞ்சி நிக்கிறாளேன்னு கையை நீட்டித் துழாவினேன். ஒரு கை வந்து பிடிச்சுக்கிருச்சு. அப்பாடான்னு இருந்துச்சு. கொஞ்சம் பொறுத்துத்தான் புரியுது, இது ரஞ்சி கை இல்ல, முரட்டுக் கை. லைட்டைப் போட்டா அவன் அந்தப் பக்கம் பழைய இடத்துலயே நின்னு பேசிக்கிட்டிருக்கான். இருட்டுலயே வந்து பிடிச்சுட்டு, இருட்டுலயே திரும்பிப் போயிருக்கான். ஒரு பயலுக்கும் தெரியாது. எனக்கு வந்துச்சே கோவம். நான் பயப்படுவேன்னு அவன் எப்படி நினைக்கலாம்? என்னைப் பார்த்தா பயந்தாங்கொள்ளி மாதிரியா இருக்கு?

திரும்பி வீட்டுக்கு வந்தா மதியச் சாப்பாடு. கறியை மணிக்கணக்கா அடுப்புல போட்டுக் குழைய வச்சிருக்காக. உருளைக்கிழங்கு ஆவி பறக்குது. நான் கும்பிட்டேன். மாரியம்மா ரஞ்சியைத் தனியாக் கூப்பிட்டு, உங்க மாமாவுக்கு உடம்பு சரியில்லையா, இல்ல நான் எதுவும் தப்பாப் பண்ணிட்டேனான்னு கேட்டிருக்காக. ரஞ்சி வேற வழியில்லாம, மாமாவுக்கு இன்னைக்கு விரதம்னு சொல்லிட்டா. உடனே அந்தம்மா என்ன செஞ்சாக தெரியுமா? பாத்திரத்தை எல்லாம் மூடி, வாசம் வந்தா உங்களுக்குச் சிரமமா இருக்கும்னு சொல்லி ஜன்னலையும் திறந்துவிட்டுட்டு, அவுகளும் சாப்பிடாம உட்கார்ந்துட்டாக. விருந்தாளி பட்டினி கிடக்கையில நாங்க எப்படிச் சாப்பிடுறதுன்னு. பையனும் உட்கார்ந்துட்டான். நாலு பேரு, ஒரு சட்டி கறி, ஒருத்தரும் தொடல. பையன் வயிறு உறுமுறது எனக்கு இங்க கேக்குது. என் வயிறு அதுக்குப் பதில் சொல்லுது. குளிர்காத்து வேற ஜன்னல் வழியா வருது.

எனக்கு இருப்புக் கொள்ளல. காலாற நடந்துட்டு வர்றேன்னு எந்திரிச்சேன். எதாவது கடையில எதையாவது வாங்கி வாயில போட்டாத்தான் உசிரு நிக்கும்னு எனக்குத் தெரியும். கடையில வாங்கித் தின்னா வழக்கத்துல சேராது. ரஞ்சி வாசல் வரைக்கும் கூடவே வந்தா. என்ன நினைச்சாளோ, குனிஞ்சு என் பூட்ஸ் கயித்தைக் கட்டிவிட்டுக்கிட்டே சொன்னா: "மாமா, முக்குல இருக்கிற காபிக்கடை இவங்க சித்தியோடது. அதுக்கு எதிர்ல ரொட்டிக்கடை சித்தி மகனோடது. பார்த்துக்கோங்க."

பாருங்க தம்பி. அவ சொல்லாம இருந்திருக்கலாம். நான் பாட்டுக்கு அந்தக் கடைக்குள்ள போயி நாலு ரொட்டியைத் தின்னுட்டு வந்திருப்பேன், சொந்தக்காரக கையால தின்னாச்சு மாமான்னு அவ கையைத் தட்டியிருக்கலாம். சொல்லிட்டா. நான் வளர்த்த பிள்ளை, சொல்லிட்டா. அதைக் கேட்டதும் என்னை அறியாம என் கை அவ தலையைத் தடவிக் குடுத்துச்சு. பசியாத்தான் இருக்கும்.

ஈஸ்டர் நேரம், மத்த கடையெல்லாம் சாத்திக் கிடக்கு. திறந்திருந்தது அந்த ரெண்டும்தான். அதுகளைத் திரும்பிப் பார்க்காம வேகமா நடந்து, ஊரைத் தாண்டி அந்தக் கசடு மேட்டுல ஏறினேன். மேல நின்னு பார்த்தா ஊரே காலடியில கிடக்கு, பெரிய வெள்ளைக் கோயில், அவுக மாதா கோயில், நடுவுல நிக்குது. நல்லா இருக்கேன்னு ஒரு எட்டு முன்னால வச்சேன். அம்புட்டுத்தான். பனிக்கு அடியில என்ன இருந்துச்சோ, உட்கார்ந்த வாக்குல வழுக்கிக்கிட்டே போயி அந்தப் பக்கம் அடிவாரத்துல ஒரு தொழுவத்து வாசல்ல நின்னேன். நின்னேன்னா, கிடந்தேன்.

ஒரு ஆளு சாணி அள்ளிக்கிட்டிருந்தவரு என்னையே பார்த்தாரு. என் வயசு இருக்கும், தாடி, வாயைத் திறக்கிறதில்ல. வந்து என் கோட்டைக் காலரோட பிடிச்சுத் தூக்கி நிறுத்தி, பனியைத் தட்டிவிட்டு, வான்னு தலையை ஆட்டினாரு. அடுப்படிக்குள்ள கொண்டுபோயி உட்கார வச்சாரு. தம்பி, சாணி வாசம், விறகு வாசம், புளிச்ச பால் வாசம். நான் எந்த ஊருல இருக்கேன்னே ஒரு நிமிஷம் மறந்துருச்சு. ஒரு பெரிய கிண்ணத்தை முன்னால வச்சாரு. தயிர்! தயிருன்னா நம்ம தயிர் இல்ல, கொஞ்சம் இழை விடும், கரண்டியால தூக்கினா நூலா இழுக்கும். ஆனா அந்தப் புளிப்பு, அந்தக் குளுமை, அது தயிருதான். தொட்டுக்கிட அப்பளம் மாதிரி மெல்லிசா ஒரு ரொட்டி. சுரங்கத்துல வேலை செஞ்ச காலத்துலயே வீட்டுக்கு வீடு மாடு வச்சிருந்தாகளாம் அந்த ஊருல, வெட்டுறது ஒரு வேலை, பால் ஒரு வேலைன்னு. அதெல்லாம் பின்னால ரஞ்சி சொன்னது.

இவரு யாரு, என்னன்னு கேக்க எனக்கு அவரு பாஷை தெரியாது. ஊருக்கு வெளிய, மேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஆளு. சித்தி கடையும் இல்ல, சித்தி மகன் கடையும் இல்ல. விழுந்தவனைத் தூக்கிவிட்டு ஒரு வாய் குடுக்கிறாரு, இப்ப நீங்க குடுத்தீகளே அந்த மாதிரி. கரண்டியைத் தள்ளி வச்சுட்டு ரொட்டியை நொறுக்கிப் போட்டுக் கையாலேயே பிசைஞ்சேன். சட்டைப் பையில சாம்பிள் வத்தல் எப்பவும் கிடக்கும் நமக்கு. அதுல ஒண்ணை அடுப்புல காட்டி, நொறுக்கி, உப்புப் போட்டு, அடிச்சேன் பாருங்க. அவரும் சைகையில ஒரு வத்தலைக் கேட்டு வாங்கி அதே மாதிரி நொறுக்கிப் போட்டுச் சாப்பிட்டாரு. மூஞ்சி செவந்து, கண்ணுல தண்ணி ஊத்த, எந்திரிச்சு வெளிய ஓடிப் பனியை அள்ளி வாயில போட்டாரு. சரி, நம்ம மேல கேஸுதான்னு நினைச்சேன். திரும்பி வந்து உட்கார்ந்து இன்னொரு வத்தலுக்குக் கையை நீட்டினாரு.

வயிறு நிறைஞ்சதும் எனக்குப் பேச்சு வந்துருச்சு. தமிழ்லதான். "அய்யா, அப்பன் செத்த அன்னைக்கு எந் தோள்ல தூங்கின பிள்ளை அது. இந்தக் குளிர்ல அதைத் தனியா விட்டுட்டுப் போயி நான் அங்க எப்படிச் சோறு திங்கிறது?"ன்னு கேட்டேன். கேக்கையிலேயே அழுதுட்டேன். வத்தல் காரம்னு அவரு நினைச்சிருப்பாரு. அடுப்புல ஒரு விறகைத் தள்ளிவிட்டு, அவரும் அவரு பாஷையில என்னமோ நிறையச் சொன்னாரு. அம்புட்டு நேரம் வாயைத் திறக்காத மனுசன். ஒரு எழுத்துப் புரியல, ஆனா ஆமா ஆமான்னு தலையை ஆட்டினேன். அப்புறம் கிண்ணத்தை வாங்கி மறுபடியும் நிறைச்சுக் குடுத்தாரு.

திரும்பி மாரியம்மா வீட்டுக்கு வந்து, ரயிலுக்கு நேரமாச்சு, கும்பிட்டுக் கிளம்பிர வேண்டியதுதான்னு நிக்கிறேன். ஊருக்குப் போய்ச் சொல்லி விடுறோம்ங்கிற வாக்கியத்தை மண்டைக்குள்ள இங்கிலீஷ்ல தயார் பண்ணி வச்சிருக்கேன். ரஞ்சி மூலையில நின்னு என் வாயையே பாக்கிறா. அவ மூஞ்சியில ரத்தம் இல்ல. அந்த நேரம் கதவைத் தள்ளிக்கிட்டு உள்ள வர்றாரு யாரு? அந்தத் தாடிக்காரரு! கையில ஒரு தூக்கு நிறைய அந்தத் தயிர், எனக்குத்தான், வழிக்கு. மாரியம்மா எந்திரிச்சுப் போயி அவரு தோள்ல கை போட்டு, எங்க அண்ணன் தூர்ஸ்தைன்னு சொல்றாக.

அண்ணன்! பையனோட அம்மாவுக்குக் கூடப் பிறந்த அண்ணன். அப்படின்னா பையனுக்கு யாரு? தாய்மாமன்! நம்மள்ல தாய்மாமனுக்கு மேல ஒரு ஆளு இருக்கா? அப்பன் வீட்டுல ஒரு வாய் காபி குடிச்சாலே பேச்சு முடிஞ்சதுங்கிறோம். நான் மாமன் கையால, மாமன் அடுப்படியில, மாமன் தொழுவத்துத் தயிரைக் கிண்ணத்தை வழிச்சுத் தின்னுட்டு வந்து நிக்கிறேன். தூர்ஸ்தைன் சிரிச்சுக்கிட்டே, இவரு எப்படிச் சாப்பிட்டாருன்னு கையால பிசைஞ்சு காட்டுறாரு. அப்புறம் நெஞ்சுல கையை வச்சு ரஞ்சிகிட்ட என்னமோ சொன்னாரு. ரஞ்சி எனக்குச் சொன்னா. உங்க மாமா ஒரு பிள்ளையைப் பத்திப் பேசினாரு, பாஷை தெரியாட்டியும் அது தெரிஞ்சுது, நானும் எங்க ஐவின் உங்க நாட்டுக்கு வந்துட்டா நான் என்ன பண்ணுவேன்னுதான் சொன்னேன், அவரு ஆமா ஆமான்னாருன்னாராம். எங்க ஊருக்கு வர்றதுக்கு என்ன பயம்னு எனக்குக் கொஞ்சம் சுருக்குன்னுதான் இருந்துச்சு.

அப்ப ரஞ்சி எங்கிட்ட வந்தா. யாருக்கும் கேக்காத மாதிரி, ஆனா நிதானமாச் சொன்னா. "தெரியாமச் சாப்பிட்டது சேராது மாமா. நீங்க கை நனைக்கலைன்னே வச்சுக்கலாம். அம்மாகிட்டயும் அப்படியே சொல்லிடுங்க. நான் ஊருக்கு வந்துடுறேன்."

சொன்ன சொல்லை மாத்தல. எனக்கு ஒரு தலையாட்டல்தான் பாக்கி. ஆட்டியிருந்தா அவ என்கூடவே பெட்டியைக் கட்டியிருப்பா, சாத்தூர்ப் பையனுக்கு வெத்தலை பாக்கு மாத்தியிருக்கலாம், வாராவாரம் போய்ப் பார்த்திருக்கலாம். எனக்கு என்ன கோவம் வந்துச்சுங்கிறீக! வழக்கத்தை என்ன விளையாட்டுச் சாமான்னு நினைச்சுக்கிட்டாளா? "தெரிஞ்சு நனைச்சாலும் தெரியாம நனைச்சாலும் கை ஈரம்தான் ஆத்தா. உங்க மாமன் தின்னதைத் தின்னலைன்னு சொல்றவன் இல்ல"ன்னு சத்தமாவே சொன்னேன். அவ அப்படியே என் நெஞ்சுல சாஞ்சு அழுதா பாருங்க. பையன் கோட்டுதான் நனைஞ்சுது. அப்புறம் என்ன, மாரியம்மா சட்டியைத் திறந்தாக. நாலு பேரும், இல்ல அஞ்சு பேரும், அந்தக் கறியை என்ன பண்ணினோம்னு கேக்காதீக. ரயிலை விட்டுட்டோம்.

நான் சம்மதிக்கல தம்பி, அதை நல்லாப் புரிஞ்சுக்கோங்க. வழக்கம் சம்மதிச்சுருச்சு. அக்கா என்னை வீட்டு வாசல்லயே நிறுத்திக் கேப்பா. எதுக்குடா அனுப்பினேன், என்னடா பண்ணிட்டு வந்திருக்கேம்பா. இப்ப உங்ககிட்டச் சொன்னேன்ல, இதே மாதிரி வரிசையா அவகிட்டயும் சொல்லணும். யாருன்னே தெரியாது, பசி, விழுந்துட்டேன், குடுத்தாரு, தின்னுட்டேன். இதுல என் தப்பு எங்க இருக்கு? அந்தத் தூர்ஸ்தைன் வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் எதிர்ச் சுவத்துல ஒரு போட்டோ. ஐவின் சின்னப் பயலா, இந்தத் தாடிக்காரரு தோள்ல உட்கார்ந்துக்கிட்டு, கையில ஒரு மீனைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, அதே சிரிப்பு. அதைப் பார்த்தாக்கூட எனக்கு ஒண்ணும் தோணலையே. பிள்ளையைத் தோள்ல வச்சிருக்காரு, நம்மள மாதிரி ஒருத்தருன்னு நினைச்சேன், கையைக் கழுவிட்டு வந்து கிண்ணத்துல வச்சேன்.

என்ன தம்பி அப்படிப் பாக்கிறீக? ஆமா, சாப்பிடுறதுக்கு முன்னாடிதான் பார்த்தேன். ஆமா, ஐவின்தான்னு தெரிஞ்சுது. அதுக்கு?

ஓ.

அக்காவும் இப்படித்தான் கேப்பாளோ? கேப்பா, கேப்பா. உங்களைவிடப் பெரிய வக்கீலு அவ. சரி, அப்ப போட்டோவை விட்டுருவோம். மொதல்ல இருந்து ஒருக்கா சொல்றேன், எங்கயாவது இடிக்குதான்னு பாருங்க. பெட்டி வரல. பசி. வழுக்கி விழுந்தேன். ஒரு ஆளு தூக்கினாரு. சுவத்துல ஒண்ணும் கிடையாது.